கேட்டால் மட்டும் பேசும்

கொடைரோடு சுங்கச்சாவடியில் காலை ஆறரை மணிக்கு இரண்டு கூட்டம். நான்கு வழிச் சாலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும் வண்டிகள் ஒன்று. சாலையோரமாகப் பழனியைப் பார்த்து நடந்துகொண்டிருந்த பாதயாத்திரைக்காரர்கள் இன்னொன்று. தைப்பூசத்துக்குச் சில நாட்களே பாக்கி. பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் பை, பையின் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். விடியாத நேரத்தில் லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று வழியில் போலீஸாரும் தர்மகாரியம் செய்பவர்களும் ஒட்டிவிடுவது.

அந்த ஸ்டிக்கரில் பல்பு கிடையாது, பேட்டரி கிடையாது. லாரியின் ஹெட்லைட் பட்டால் அந்த வெளிச்சத்தையே லாரிக்குத் திருப்பிக் கொடுக்கும். வெளிச்சம் லாரியின் செலவு. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் செய்வதும் இதையேதான். வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலை. சாவடியின் கூரையிலிருந்து தொங்கும் தட்டையான பெட்டி அலையை அனுப்புகிறது, டேக் அதைத் திருப்பி வீசுகிறது. யாத்திரிகர் ஸ்டிக்கர் சும்மா திருப்பிவிடும். ஃபாஸ்டேக் அலையை விட்டுவிட்டுத் திருப்புகிறது. விடுவதும் தடுப்பதுமான அந்தத் தாளத்தில் ஒரு எண் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பிய்த்தவர்கள் உள்ளே மெல்லிய உலோகக் கோடுகள் வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பார்கள். அது ஆன்டெனா. நம் நாட்டில் இந்த டேக்குகள் வேலை செய்வது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். அந்த அலையின் நீளத்தில் பாதி சுமார் 17 சென்டிமீட்டர். அவ்வளவு நீளத்தைக் கண்ணாடியில் ஒட்ட இடைஞ்சல் என்பதால்தான் மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சில்லு. அது விழித்துக்கொள்ள ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். மேலே தொங்கும் பெட்டியோ 4 வாட் வரை வீசலாம். 2005-இல் இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு அளித்தபோது வைத்த வரம்பு அது. மின்சாரம் இருப்பது சாவடியில். டேக்கில் பேட்டரி இல்லை. கேள்வி கேட்பவரே பதிலுக்கான மின்சாரத்தையும் கொடுக்கிறார்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1945-இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார். உள்ளே லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதற்கும் பேட்டரி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அறைக்குள் பேசுவதைத் திருப்பி அனுப்பும். பாய்ச்சாதபோது வெறும் மரம். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இடையில் 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், எதிரொலிக்கும் மின்திறனைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். உளவுக்காரர் செய்ததை, அது தெரியாமலே, பொறியாளர் பாடமாக்கினார். பாடம் நம் ஊர்ச் சுங்கச்சாவடிக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது.

எனக்கு வாய்த்த டிரைவர் வத்தலக்குண்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "டேக்ல காசு இருந்தா நிக்காமப் போயிரலாம் சார். இல்லைன்னா ரொக்கத்துக்கு ரெட்டைக் கட்டணம். ஜிபே பண்ணா ஒண்ணேகால் மடங்கு" என்றார். 2025 நவம்பரில் வந்த விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நினைப்பதுபோல இல்லை.

"டேக்குல காசு கிடையாதுண்ணே. வெறும் நம்பர்தான் இருக்கு. காசு பேங்க்ல."

"அப்ப பேலன்ஸ் இல்லைன்னு இவங்களுக்கு எப்படித் தெரியுது?"

கணக்கில் பணம் குறைந்துபோன டேக் எண்களின் பட்டியல் வங்கிகளிடமிருந்து சாவடிகளுக்கு வந்துகொண்டே இருக்கும். டேக் சொன்ன எண் அந்தப் பட்டியலில் இருந்தால் தடுப்புக் கம்பம் உயராது. டேக்குக்கு எதுவும் தெரியாது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதுகூட. எங்கே இருக்கிறது என்று தெரிந்தது வாசலுக்குத்தான். டேக் சொல்வது யார் என்பதை மட்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் பலர் "டேக் போட்டா எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும்" என்று பேசுகிறார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற வேன்காரர் டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டினார். இதற்கும் 2025 ஜூலையில் தடை வந்தாயிற்று. ஒட்டாத டேக் தெரிந்தால் கறுப்புப் பட்டியலில் போடுவார்கள். ஒரே டேக்கை நாலு வண்டிக்கு மாற்றி மாற்றிக் காட்டலாம் என்பதுதான் பயம். எண்ணுக்கும் வண்டிக்கும் உள்ள உறவு சில்லில் இல்லை, பசையில் இருக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் எவ்வளவு பேசினாலும் கடைசியில் பசையில் வந்து நிற்கும் தொழில்நுட்பம் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது.

வத்தலக்குண்டில் ஒரு காபி. காமக்காபட்டி சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும் என்று டிரைவர் நிறுத்தவில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துச் சாவடியில்தான் அடுத்த நிறுத்தம். இங்கே இ-பாஸ்.

இது ரேடியோ டேக் இல்லை. கட்டம் கட்டமான கியூஆர் படம். இதற்கும் மின்சாரம் வேண்டாம், வெளிச்சம் போதும். 2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஐஐடி மெட்ராஸும் பெங்களூரு ஐஐஎம்மும் ஆராய, முதலில் எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்காவது வேண்டும் அல்லவா? 2025 கோடையில் நீதிமன்றமே ஒரு வரம்பும் வைத்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000.

நாங்கள் போன அன்று வரிசை சின்னதுதான். மூடுபனியில் ஃபோன் திரையைத் துடைத்துத் துடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. முன்னால் நின்ற குடும்பத்தில் யாரும் பாஸ் எடுக்காமல், அங்கேயே நின்று ஃபோனில் பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, எல்லா வண்டியிலும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் நிற்காமலே எண்ணிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் அது சரி. ஆனால் ஃபாஸ்டேக் பேசுவது வண்டி வாசலுக்கு வந்த பிறகு. மதுரையில் புறப்படும்போதே "இன்றைக்கு இடமில்லை" என்று சொல்ல அதனால் முடியாது. நாலாயிரத்து ஒன்றாவது வண்டியை வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வரவிட்டுத் திருப்பி அனுப்பினால், கீழே இறங்கும் நெரிசல்தான் கூடும்.

இன்னொரு வித்தியாசம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. கியூஆர் படத்தை நான் எடுத்துக் காட்டினால்தான் சாவடிக்காரர் பார்க்க முடியும். ஃபாஸ்டேக்கை நான் காட்ட வேண்டியதில்லை. மின்சாரம் அவருடையது, எனவே நேரத்தையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். சொந்த பேட்டரி இல்லாதவனுக்கு "இப்போது பேச மாட்டேன்" என்று சொல்லும் வசதியும் இல்லை. சுற்றுலா ஊர் ஒன்றின் வாசலில் அந்தப் பெட்டியைத் தொங்கவிடுவதற்கு முன், அது எடுக்கும் வண்டிக் கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

கொடைக்கானலுக்கு நான் வந்ததன் உண்மையான காரணம் ஏரியும் இல்லை, ஃபாஸ்டேக்கும் இல்லை. ஒரு கோபுரம். தென் மாவட்டக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோடை பண்பலை, 100.5. அகில இந்திய வானொலியின் பத்துக் கிலோவாட் எஃப்.எம். ஒலிபரப்பி. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலை உச்சியில் நிற்பதால் சமவெளி எல்லாம் அதன் பார்வையில் விழுகிறது. மதுரை டீக்கடையிலும் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலும் தேனித் தோட்டத்திலும் ஒரே பாட்டு. மூடுபனி விலகியபோது அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. டிரைவர் காரில் கோடை பண்பலையைத்தான் வைத்திருந்தார். நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கோபுரத்துக்கும் டேக்குக்கும் என்ன சம்பந்தம்? சாவடியில் தொங்கும் பெட்டி அலையை வீசுவதால்தான் ஃபாஸ்டேக் பேசுகிறது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, ஏற்கெனவே காற்றில் நிறைந்திருக்கும் அலையையே டேக் திருப்பி வீசினால்? கேள்வி எளிமையானது. செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அந்தக் குழுவின் சியாம் கொல்லகோட்டா ஐஐடி மெட்ராஸில் பி.டெக். படித்தவர். 2013-இல் அவரும் ஜோஷுவா ஸ்மித்தும் மாணவர்களும் தொலைக்காட்சிக் கோபுரத்தின் அலையை மட்டும் வைத்து, பேட்டரி இல்லாத இரண்டு அட்டைகளை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள். இரண்டரை அடி தூரம்தான். நொடிக்கு ஒரு கிலோபிட். ஆனாலும் பேசின. ஒன்று அலையைத் திருப்பும், மற்றது அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும். சாவடியும் இல்லை, சாவடிக்காரரும் இல்லை.

2017-இல் அதே குழு எஃப்.எம்முக்கு வந்தது. இது இன்னும் ருசியானது. டேக் தன் ஆன்டெனாவை மிக வேகமாக மாற்றி மாற்றிப் போட்டு, வந்த எஃப்.எம். அலையைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்துக் காலி இடத்தில் வைத்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 100.5-இல் வந்த பாட்டு ஒரு முள் தள்ளிப் பக்கத்தில் மெலிதாகக் கேட்கும். அதோடு டேக் சேர்த்த சத்தமும் கேட்கும். எஃப்.எம். ஒலிபரப்பின் கணிதம் அப்படி: அலைகளைப் பெருக்கினால் ஒலிகள் கூடிக்கொள்கின்றன. எனவே கேட்பதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். கார் ரேடியோ போதும். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிய ஒரு இசைக்குழுவின் போஸ்டர் அவர்களுடைய பாட்டின் ஒரு துண்டை வாசித்தது. மின்கடத்தும் நூலால் டி-ஷர்ட்டில் ஆன்டெனா தைத்து, உடுத்தியவரின் மூச்சையும் நாடித் துடிப்பையும் அனுப்பப் பார்த்தார்கள். (ஜரிகையில் உண்மையான வெள்ளி இருந்தால் பட்டுச் சேலையின் கரையே ஆன்டெனா ஆகும். செய்து பார்க்க யாராவது சேலை கொடுக்க வேண்டும்.)

செலவு எவ்வளவு தெரியுமா? 11 மைக்ரோவாட். வீட்டில் எரியும் ஒரு 9 வாட் எல்இடி பல்பின் மின்சாரத்தில் இப்படி எட்டு லட்சம் போஸ்டர்கள் பேசலாம். தூரம் ஐந்து அடி முதல் அறுபது அடி வரை. வேகம் நொடிக்கு 100 பிட் முதல் 3.2 கிலோபிட் வரை. நல்ல அலை கிடைத்தால் நொடிக்கு நூற்றுச் சொச்சம் தமிழ் எழுத்துக் குறிகள் போகும், மோசமாக இருந்தால் நாலு.

பெருமாள்மலை பக்கம் வரும்போது "காட்டுமாடு நடமாடும் பகுதி" என்ற ரீதியில் மஞ்சள் பலகைகளைப் பார்த்திருந்தேன். மூடுபனியில் பலகை இருப்பதே பக்கத்தில் போனால்தான் தெரியும். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் நீள உலோகப் பட்டை ஒன்றை ஒட்டி, அதில் இப்படி ஒரு சில்லை வைத்தால், அறுபது அடிக்குள் வரும் காரின் ரேடியோவில் பலகையே பேசும். மின் கம்பி இழுக்க வேண்டாம், சோலார் தட்டில் பாசி படியும் கவலை வேண்டாம். பொதுப்பணத்தில் எரியும் பத்துக் கிலோவாட் ஏற்கெனவே மலை முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது.

ஒன்றரை மீட்டர் என்றேன் அல்லவா, அங்கேதான் சங்கடம். 100 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் மூன்று மீட்டர். ஃபாஸ்டேக்கைப் போல மடித்து உள்ளங்கையில் அடக்கினால் திருப்பி வீசும் திறன் போய்விடும். பலகைக்கும் போஸ்டருக்கும் இது ஆகும். சின்னப் பொருள்களுக்கு ஆகாது. இரண்டாவது சங்கடம் இதைவிடப் பெரியது. யாரோ ஒருவர் தன் வேலைக்காக எரிக்கும் விளக்கில் நாம் படித்துக்கொண்டிருந்தால், அவர் விளக்கை அணைக்கும்போது நாமும் புத்தகத்தை மூட வேண்டும். 2013-இல் தொலைக்காட்சி அலையை நம்பிச் செய்த ஆய்வை நம் நாட்டில் இன்று அப்படியே செய்ய முடியாது. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டது. மலையில் எஃப்.எம். மிச்சமிருக்கிறது. கேட்கும் பக்கமும் தேய்கிறது, ஃபோன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய மின்னணு அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் இப்போது எல்லோரும் கைபேசிக் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். ஃபோன் வலையமைப்புகளுக்கு உலகத் தரநிலை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தன் 19-ஆவது தொகுப்பில் பேட்டரி இல்லாத டேக்குகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அந்த அலை இரவிலும் அணையாது. ஆனால் அது பொதுச் சொத்தும் இல்லை. வானொலியைக் கேட்க யாரிடமும் கணக்கு வைக்க வேண்டாம். கைபேசி நிறுவனத்தின் அலையில் பேசும் டேக் அந்த நிறுவனத்தின் சந்தாதாரர். மின்சாரம் யாருடையதோ கேள்வியும் அவருடையது என்று கொடைரோட்டில் பார்த்ததுதான் இங்கேயும்.

மதியம் கோக்கர்ஸ் வாக். மேகம் விலகி பெரியகுளம் பக்கத்துச் சமவெளி கொஞ்ச நேரம் தெரிந்தது. இன்னும் தென்மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அரிக்கொம்பன் யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27-இல் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5-இல் தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கோதையாற்றின் மேல் பகுதியில் கொண்டுபோய் விட்டது.

காலர் ஃபாஸ்டேக்குக்கு நேரெதிர் ஜாதி. யாரும் கேட்காமலே பேசும். செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டு, தானே அனுப்பும். மின்சாரம் சொந்தம். அதனால்தான் கிலோ கணக்கில் எடை, பேட்டரி தீர்ந்தால் மறுபடி யானைக்கு மயக்க ஊசி. அடர்ந்த காட்டிலும் மழையிலும் செய்தி விட்டுவிட்டு வரும். அரிக்கொம்பன் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அது ஊருக்குள் வந்தது. இடம் தெரிவது ஒன்று, தடுப்பது வேறு.

பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில், தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் யானை வரும். ஒவ்வொன்றுக்கும் காலர் மாட்டுவது நடக்கிற காரியம் இல்லை. கோவை மதுக்கரையில் ரயில் பாதையோரம் 2024 முதல் செய்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. யானையின் உடம்பில் எதையும் மாட்டாமல் பாதையில் வெப்பக் கேமராக்களை நிறுத்தி, யானையை அடையாளம் கண்டதும் ரயில்காரருக்குச் சொல்கிறார்கள். வாசலுக்குத்தான் எல்லாச் செலவும். நடப்பவருக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் மன்னவனூர் போகும் வழியில் பூம்பாறை. படிக்கட்டு வயல்களில் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெளியூர்ப் பூண்டைக் கலந்து விற்கிறார்கள் என்ற புலம்பலும் இருக்கிறது. மூட்டைக்கு ஒரு ரேடியோ டேக் கட்டினால் வடுகபட்டிச் சந்தையில் அசலைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்டேன். தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "சாக்குல கட்டுவீங்க. சாக்கை மாத்திட்டா?"

பசை இல்லாத டேக்கின் கதைதான். பௌதிகமும் இதற்கு எதிராக இருக்கிறது: 866 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். ஈரச் சாக்குகள் நாலு அடுக்கினால் நடுவில் இருக்கும் டேக் ஊமை. மூடுபனி அதை ஒன்றும் செய்யாது. நனைந்த பூண்டு செய்யும்.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். புல்வெளியில் மேயும் பாரத் மெரினோ ஆடுகளின் காதில் எண் வில்லைகள். ஊர் மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம், பார்கோடு. 2019-இல் கோமாரித் தடுப்புத் திட்டம் வந்தபோது நாடு முழுக்க மாட்டினார்கள். படிக்க வேண்டுமென்றால் மாட்டின் காதைப் பிடித்துச் சேற்றைத் துடைக்க வேண்டும். ஐரோப்பாவில் 2010 முதல் ஆடுகளுக்கு ரேடியோ வில்லை கட்டாயம். தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே ஓடவிட்டால் எண்கள் தானே பதிவாகும். அங்கே ஒருவரிடம் ஐந்நூறு ஆடு. இங்கே நாலு மாடு வைத்திருப்பவருக்கு எண் எதற்கு, அவர் பேர் சொல்லியே கூப்பிடுகிறார். எண் வேண்டியது தடுப்பூசி போட வரும் மருத்துவருக்கும் காப்பீட்டுக்காரருக்கும்தான். அதற்குப் பார்கோடு போதும் என்பது என் அபிப்பிராயம்.

பை தொலைந்தால் தேடித்தரும் ஏர்டேக் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் சந்தித்த ஒரு சென்னைப் பையன் தன் முதுகுப்பையில் போட்டிருந்தான். 2021-இல் வந்தது, பித்தான் பேட்டரியில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். சொந்தமாக ப்ளூடூத்தில் முணுமுணுக்கும், ஆனால் அதைக் கேட்டு இடம் சொல்வது அந்த வழியாகப் போகும் முன்பின் தெரியாதவர்களின் ஐஃபோன்கள். சென்னை விமான நிலையத்தில் இது மந்திரம். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பை உருண்டுவிட்டால், அந்த வழியில் வருவது பொதி சுமக்கும் குதிரைதான்.

பெருமாள்மலையிலிருந்து பழனிச் சாலையில் இறங்கி, சாயங்காலம் அடிவாரம். கூட்டம் தொடங்கிவிட்டது. பழனிக் கோயில் யானை கஸ்தூரியை முன்பு ஒரு முறை ஊர்வலத்தில் பார்த்திருக்கிறேன். வளர்ப்பு யானைகளுக்குக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கண்ணாடிக் குப்பியில் அடைத்த ஒரு சில்லை ஊசியால் செலுத்துவது வழக்கம். நீளம் சுமார் 12 மில்லிமீட்டர், பதினைந்து இலக்க எண். வேலை செய்வது 134.2 கிலோஹெர்ட்ஸில். அந்த அலை ஈரத்துக்கும் சதைக்கும் அசையாது, ஆனால் கருவியைக் கிட்டத்தட்ட உடம்பில் ஒட்டிப் பிடித்தால்தான் எண் வரும். ஒரு முழ தூரத்தில்கூடப் பேசாது. காணாமல் போன யானையை அது தேடித்தராது. யானைக்கு உரிமை கொண்டாடி இரண்டு பேர் வந்தால் யார் சொல்வது உண்மை என்று சொல்லும். அதற்கு ஒரு சாண் தூரம் போதும்; தூரத்திலிருந்து படிக்க முடியாதது அங்கே குறையும் இல்லை.

தைப்பூசக் கூட்டத்தில் தொலைவது குழந்தைகள். சபரிமலையில் கேரளப் போலீஸார் சிறுவர்களின் கையில் ரேடியோ டேக் பட்டை கட்டிவிட்டதுண்டு. குழந்தை தனியாக நின்றால் பட்டையைப் படித்துப் பெற்றோரின் ஃபோனுக்கு அழைப்பார்கள். எளிமையான, நல்ல ஏற்பாடு. இங்கேயும் செய்யலாமே என்று அடிவாரத்தில் காவல் பணியிலிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

பழனி மலைமேல் 2023 அக்டோபர் முதல் கைபேசிக்குத் தடை. படிப்பாதை, வின்ச், ரோப்கார் என்று ஏறும் இடங்களிலேயே ஐந்து ரூபாய் கொடுத்து ஃபோனை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நானும் அப்போதுதான் கொடுத்துவிட்டு டோக்கனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"பட்டையில நம்பர் கிடைச்சா சரிங்க சார்" என்றார் அவர். "அடிச்சா எங்க அடிக்கும்? அப்பன் மேல நிப்பாரு, போனு கீழ கவுன்ட்டர்ல அடிச்சிக்கிட்டு இருக்கும். இங்க மைக்குதான். சட்டை கலரைச் சொன்னா ஓடி வந்துருவாங்க."